செபாரத்: இடம்பெயர்ந்த ஒரு சிறையிருப்பு நிலம்

எபிரேய மறைநூல்களுள் மிகச் சிறியது ஒபதியா. 21 வசனங்களே கொண்டது. எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்கள் வாழும் இடமாக, அதன் 20ஆம் வசனத்தில் 'செபாரத்' என்னும் பெயர் வருகிறது. மறைநூலில் வேறெங்கும் அப்பெயர் இல்லை. ஒப்பிட்டுப் பொருள் காண வழியில்லாமையால் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ஆளுக்கொரு திசையில் சென்றனர். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு அதை எப்ராத்தா என்று வாசித்தது. ஜெரோமின் இலத்தீன் பொஸ்பொரஸ் என்றது. அரமேயத் தர்கூம் ஸ்பெயினைக் குறித்தது. யூத மரபில் நிலைத்தது தர்கூமின் விளக்கமே. ஸ்பானிய யூதர் 'செபார்திகள்' எனப் பெயர் பெற்றது இவ்வாறுதான்.

கல்வெட்டுகளோ வேறிடத்தைக் காட்டுகின்றன. மேற்குத் துருக்கியிலுள்ள சார்திஸ் நகரில் லிதிய, அரமேய மொழிகளில் பொறித்த இருமொழிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதன் அரமேயப் பகுதி அந்நகரை ஒபதியாவில் உள்ள அதே நான்கு மெய்யெழுத்துகளால் எழுதுகிறது. தாரியுவின் பெகிஸ்தூன் கல்வெட்டு அப்பகுதியை 'ஸ்பர்தா' என்கிறது. இன்றைய அறிஞர் பெரும்பாலோர் ஏற்பது சார்திஸையே.

அப்படியானால் ஸ்பெயின் என்ற விளக்கத்தைத் தள்ளிவிடலாமா? நில அடையாளமாகத் தள்ளலாம். வரலாற்று நிகழ்வாகத் தள்ள இயலாது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டோர் அப்பெயரைத் தம்முடன் சுமந்து சென்றனர். அவர்களுள் சிலர் கொச்சியை அடைந்தனர். மட்டாஞ்சேரியில் 1568இல் பரதேசி யூதப் பள்ளி எழுந்தது. அதற்கு முன்பே மலபாரில் யூதர் வாழ்ந்தனர் என்பதற்குச் சேந்தமங்கலத்தின் 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் சான்று. ஆகவே புதிதாக வந்தோர்க்கு ஊரார் இட்ட பெயர் 'பரதேசி'. அவர்கள் தமக்கு வழங்கிய பெயரோ மறைநூலின் சிறையிருப்பு நிலத்தைச் சுட்டியது.

இத்தகைய வாசிப்பு இன்றும் இந்தியாவில் மனிதர்களை இடம்பெயரச் செய்கிறது. அசீரியர் இஸ்ரயேலரைக் குடியேற்றிய இடங்களாக 2 அரசர் 17:6 கூறும் கோசான், ஆபோர் ஆகியவை வடகிழக்குச் சிரியாவின் தெல் ஹலாபும் காபூர் ஆறும் ஆகும். எனினும் மணிப்பூர், மிசோரம் மாநிலங்களின் பினே மெனாசே மக்கள், அவ்வாறு சிறைப்பட்ட மனாசே கோத்திரத்தின் வழியினராகத் தம்மைக் கருதுகின்றனர். 2005இல் இஸ்ரேலின் தலைமை ரபி ஷ்லோமோ அமார் அதனை ஏற்றார். அவர் வகித்தது 'செபார்தித் தலைமை ரபி' என்னும் பதவி.

அந்த இடம் எங்கே இருந்தது என்பது கல்வெட்டியலின் வினா. அந்தப் பெயர் மக்களை என்ன செய்தது என்பது சமூக வரலாற்றின் வினா. முதல் வினாவின் விடையைக் கொண்டு இரண்டாவதை மறுத்தால், ஒரு சமூகத்தின் நினைவை ஏளனம் செய்தவர்களாவோம். இரண்டாவதைக் கொண்டு முதலாவதை நிறுவ முயன்றால், நம்பிக்கையை நிலவரைபடமாக்கிவிடுவோம். விவிலிய ஆய்வில் இறங்கும் மாணவர்கள் இரண்டையும் தனித்தனியே எழுப்பப் பழகுதல் வேண்டும்.

லிங்கராஜபுரம், பெங்களூரு