மின்சாரம் போகும் முன் பற்றரியைச் சோதியுங்கள்

பற்றரிக்குத் தடையிருந்த யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எமது மக்களுக்கு அதன் பெறுமதி தெரியும். 2022இல் மின்வெட்டு 13 மணிநேரம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருளில் மூழ்கியது. ஒட்சிசன் இயந்திரத்தை நம்பியிருக்கும் நோயாளியின் வீட்டில், அந்த நேரத்தில் பற்றரி கைவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பச்சை விளக்கு எரிவதை மட்டும் நம்ப முடியாது. முழுதாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் ஈய-அமிலப் பற்றரி, சில மணிநேரம் ஓய்விலிருந்த பின் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். பழுதடைந்து வரும் பற்றரியும் சுமை இல்லாதபோது அதே அளவைக் காட்டலாம். உள்ளேயுள்ள ஆறு கலங்களில் ஒன்று பலவீனமானாலும், சுமை ஏறியதும் முழுப் பற்றரியும் சரிந்துவிடும்.

எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோயாளியின் கருவிக்குப் பதிலாக அதேயளவு மின்சாரம் எடுக்கும் மின்குமிழ்களையும் மின்விசிறியையும் இணைத்து, பிரதான மின்சாரத்தை நிறுத்தி, பற்றரி தாக்குப்பிடிக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். 10.5 வோல்டுக்குக் கீழே இறங்க விடவேண்டாம். புதிதில் நின்ற நேரத்தின் 80 சதவீதத்தை விடக் குறைந்தால் மாற்றிவிடுங்கள். வீங்கிய பற்றரியை உடனே அகற்றுங்கள். வெப்பம் 25 பாகைக்கு மேல் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.