ஊர் அங்கேயே, முகவரி வேறு

எங்கள் ஊரான கல்லாவி ஓரடி கூட நகரவில்லை, மாவட்டம்தான் மாறியது. தாத்தா காலத்தில் சேலம், 1965 அக்டோபர் 2 முதல் தருமபுரி, 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி. கடித உறையில் ஒரு வரியை மாற்றி எழுதினோம், அவ்வளவுதான்.

நான் பார்க்கும் நிரல் வேலையிலும் அப்படித்தான், முகவரி மட்டும் மாறும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் லினக்ஸ் குழுவுக்குக் கிடைக்காமல் போனதால், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாகக் கிட் மென்பொருளை எழுதினார். கிட்டில் நிரலின் முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருக்கும். தொலைவிலுள்ள களஞ்சியத்தின் முகவரி, கான்ஃபிக் கோப்பில் ஒரே ஒரு வரி. தொடக்கத்தில் அதைக் கையால் திருத்துவார்கள். 2010இல் வந்த கிட் 1.7.0 பதிப்புதான் முகவரியை மாற்றும் 'ரிமோட் செட்-யூஆர்எல்' கட்டளையைத் தந்தது. பெரிய உபகாரம் என்றே சொல்வேன். 2016 ஜனவரியில், நிரல் களஞ்சியங்களை வைத்திருந்த கூகுள் கோட் தளம் மூடப்பட்டது. அங்கே கிட்டில் வேலை செய்தவர்களின் நிரல் வரலாறு அவர்களிடமே பத்திரமாக இருந்தது. 2021 ஆகஸ்ட் 13 அன்று கிட்ஹப் தளம் கிட் செயல்களுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியதும், பலர் எஸ்எஸ்எச் முகவரிக்கு மாறினார்கள்.

தம்பி தங்கைகளே, முகவரியை மாற்றியதும் 'கிட் ரிமோட் -வி' கொடுத்துச் சரிபாருங்கள். அதன்பிறகே புஷ் செய்யுங்கள்.