ஏர்பஸ் ஏ300

ஏர்பஸ் ஏ300 என்பது ஐரோப்பிய நிறுவனமான ஏர்பஸ் தயாரித்த, அகன்ற உடலமைப்பும் இரண்டு இயந்திரங்களும் கொண்ட பயணிகள் விமானம் ஆகும். இவ்வகையில் உலகிலேயே முதலாவதாக உருவாக்கப்பட்ட விமானம் இதுவே. 1972 முதல் 2007 வரை மொத்தம் 561 விமானங்கள் தயாரிக்கப்பட்டன.

வரலாறு

1960களின் இறுதியில் அமெரிக்காவில் உருவாகிவந்த பெரிய விமானங்கள் மூன்று அல்லது நான்கு இயந்திரங்களைக் கொண்டிருந்தன. குறுகிய, நடுத்தரத் தொலைவுகளுக்கு இரண்டே போதும் என்பது ஐரோப்பியப் பொறியாளர்களின் கருத்தாகும். இயந்திரங்கள் குறைந்தால் எரிபொருள் செலவும் பராமரிப்புச் செலவும் குறையும்.

ஏப்ரல் 1969 இல் பிரித்தானிய அரசு இத்திட்டத்திலிருந்து விலகியது. எனினும் ஆக்கர் சிட்லி நிறுவனம் இறக்கைகளைத் தயாரிக்கும் பொறுப்பில் நீடித்தது. மே 29, 1969 இல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பல நாடுகளில் செய்யப்பட்ட பாகங்கள் பிரான்சின் துலூஸ் நகரில் ஒன்றிணைக்கப்பட்டன. முதல் விமானம் அக்டோபர் 28, 1972 இல் பறந்தது. மே 1974 இல் ஏர் பிரான்ஸ் இதனைப் பாரிஸ் - இலண்டன் வழித்தடத்தில் சேவையில் ஈடுபடுத்தியது.

தொடக்கத்தில் விற்பனை மிக மந்தமாக இருந்தது. 1975 இறுதி முதல் ஏறத்தாழ 16 மாதங்கள் புதிய கொள்வனவு எதுவும் வரவில்லை. விற்கப்படாத விமானங்கள் துலூசில் நிறுத்திவைக்கப்பட்டன. 1977 இல் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனத்திற்கு நான்கு விமானங்கள் ஆறு மாதங்களுக்கு வாடகையின்றி வழங்கப்பட்டன. அப்போது அந்நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் முன்னாள் விண்வெளி வீரர் பிராங்க் போர்மன். எரிபொருள் சிக்கனத்தைக் கண்ட அந்நிறுவனம் 1978 இல் 23 விமானங்களை வாங்க முன்வந்தது. அமெரிக்கச் சந்தையில் ஏர்பஸ் காலூன்றியது இதன் மூலமே.

இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1976 முதல் இவ்விமானத்தைப் பயன்படுத்தியது.

வடிவமைப்பு

விமான உடலின் விட்டம் 5.64 மீட்டர். ஒரு வரிசையில் பொதுவாக எட்டு இருக்கைகளும் இரண்டு நடைவழிகளும் இருக்கும். தளத்தின் கீழே சரக்குக் கொள்கலன்களை இரண்டிரண்டாக அருகருகே வைக்கலாம். பிற்காலத்தில் இது சரக்கு விமானமாகப் பெரிதும் விரும்பப்பட்டதற்கு இவ்வமைப்பு ஒரு காரணமாகும்.

வகைகள்

ஏ300பி1: முன்மாதிரி. இரண்டு மட்டுமே தயாரிக்கப்பட்டன.
ஏ300பி2: பி1 ஐ விட 2.65 மீட்டர் நீளமானது. முதலில் சேவைக்கு வந்த வகை.
ஏ300பி4: கூடுதல் எரிபொருள் கொள்ளளவும் அதிகப் பறப்புத் தொலைவும் கொண்டது.
ஏ300-600: 1983 இல் முதலில் பறந்தது. விமானப் பொறியாளர் இன்றி இரு விமானிகளே இயக்கக்கூடியது.
ஏ300-600ஆர்: வால் பகுதியிலும் எரிபொருள் கலம் கொண்ட நெடுந்தொலைவு வகை.
ஏ300-600எஃப்: சரக்கு வகை. கடைசி விமானம் 2007 இல் பெடெக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.
பெலூகா: விமானப் பாகங்களை ஏற்றிச்செல்ல ஏ300-600 இலிருந்து உருவாக்கப்பட்ட பெருவயிற்று விமானம். ஐந்து தயாரிக்கப்பட்டன.

இதன் உடலைச் சுருக்கி, புதிய இறக்கையுடன் ஏ310 உருவாக்கப்பட்டது.

முக்கிய நிகழ்வுகள்

ஜூலை 3, 1988: ஈரான் ஏர் 655 ஐப் போர் விமானம் எனத் தவறாகக் கருதி அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் சுட்டு வீழ்த்தியது. விமானத்திலிருந்த 290 பேரும் இறந்தனர்.
டிசம்பர் 24, 1999: காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் 814 கடத்தப்பட்டு, இறுதியில் கந்தகாருக்குக் கொண்டுசெல்லப்பட்டது.
நவம்பர் 12, 2001: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 நியூயார்க்கில் விழுந்தது. தரையிலிருந்த ஐவர் உட்பட 265 பேர் இறந்தனர். சுக்கான் அளவுக்கு மீறி இயக்கப்பட்டதால் செங்குத்து வால் முறிந்தது என விசாரணையில் தெரியவந்தது.
நவம்பர் 22, 2003: பாக்தாத்தில் ஏவுகணை தாக்கிய சரக்கு விமானம் ஒன்று நீரியல் கட்டுப்பாடுகள் அனைத்தையும் இழந்தது. விமானிகள் இரு இயந்திரங்களின் உந்துவிசையைக் கூட்டியும் குறைத்தும் அதனைத் திருப்பித் தரையிறக்கினர். மூவரும் உயிர் தப்பினர்.