முன் ஆசனமும் குழந்தையும்

அமெரிக்காவில் மோட்டார் வாகனம் குடும்பச் சொத்தாகிவிட்ட 1930களிலும் 1940களிலும் விற்கப்பட்ட குழந்தை ஆசனங்கள், குழந்தை அங்குமிங்கும் நகராதிருக்கவும், சற்று உயர அமர்ந்து வேடிக்கை பார்க்கவும் உதவினவேயன்றி, விபத்தில் அதன் பிராணனைக் காக்கும் உத்தேசம் அவற்றுக்கு இருந்ததில்லை. தாயின் மடியே பத்திரமான ஸ்தானம் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருந்தபடியால், ராபர்ட் சாண்டர்ஸ் என்னும் குழந்தை வைத்தியரின் விடாமுயற்சியால் டென்னசி மாநிலம் 1978இல் நாட்டிலேயே முதன்முதலாக, விபத்தில் குழந்தையைக் காக்கும் ஆசனத்தைக் கட்டாயமாக்கியபோதுகூட, சிசுவை மடியில் ஏந்திச் செல்லலாம் என்ற விலக்கு சட்டத்துக்குள் புகுந்துவிட்டது. மோதலின்போது, பெல்ட் அணியாத தாயின் சரீரமே குழந்தையை டாஷ்போர்டோடு நசுக்கிவிடும் என்பது எடுத்துரைக்கப்பட்ட பின், 1981இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது.

ஸ்வீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்களின் ஆசனத்தை உதாரணமாகக் கொண்டு, 1960களில் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை உருவாக்கினார். அது அங்கே பெரும்பாலும் முன்பக்கத்திலேயே பொருத்தப்பட்டது. ஆனால் பெரியவர்களைக் காக்க வந்த காற்றுப்பை, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் விரிந்து, பின்னோக்கிய ஆசனத்தின் முதுகில் அறைவதால், சாதாரண மோதல்களிலும் பிஞ்சு உயிர்கள் பறிபோவது 1990களில் அமெரிக்காவில் பிரத்தியட்சமாயிற்று. பன்னிரண்டு வயது முடியும்வரை பின் ஆசனமே உசிதம் என்று அந்நாட்டு நிபுணர்கள் இன்றளவும் வற்புறுத்துவது இந்த அனுபவத்தின் பயனே.