நீரடியில் கிடந்த வெண்ணெய்க் கிண்ணம்

கொற்றவர் வாழ்ந்த இடங்களைக் காட்ட ஸ்காட்லாந்தில் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. கோட்டை உண்டு, கொத்தளம் உண்டு. தலை கொய்யப்பட்ட ராணி மேரியின் அறைகள்கூட உண்டு. நாம் அவற்றைக் கடந்து, பெர்த்ஷயர் மலைகளிடையே நீண்டு கிடக்கும் டே ஏரிக்குச் சென்றோம். கல்வெட்டு வெட்டிக்கொள்ள வழியற்ற மக்களின் வீடுகளைக் காண!

கிரானக் என்பர் அவ்வீட்டை. மனிதன் கட்டிய தீவு அது. எந்தத் தேவதையும் அதை ஏரியில் மிதக்க விடவில்லை. ஆல்டர் மரத்தைக் கூராகச் சீவி, ஏரிப்படுகையிலே அறைந்து, மேலே மேடை அமைத்து, மேடைமீது வட்ட வீடு எழுப்பி, கரைக்கு மரப்பாலமும் போட்டனர். இந்த ஓர் ஏரியில் மட்டும் இத்தகையவை ஏறத்தாழ 18! சில மேடாகத் தெரிகின்றன. பல நீருக்குள் மறைந்துள்ளன.

அவற்றுள் ஒன்றான ஓக்பாங்கை 1980 முதல் முக்குளித்து ஆராய்ந்தனர். சுமார் 2500 ஆண்டுகட்கு முற்பட்ட வாழ்க்கை அங்கே அழுகாமல் கிடந்தது. குளிர்ந்த நீர், உயிர்வளி புகாத சேறு—இவையே காவலர்கள். என்ன கிடைத்தது? மணிமுடியா? மரகதமா? மரத்தால் செய்த கிண்ணம், அதில் ஒட்டிய வெண்ணெய்! நிலத்தை உழுத மரக்கலப்பை. நெய்த துணியின் துண்டு. தரையில் பரப்பிய பெரணித் தழை. ஆட்டுப் புழுக்கையும்கூட! புழுக்கைதானே என்று முகஞ்சுளிப்போர் சுளிக்கட்டும். பட்டாபிஷேகப் பட்டியல் நூறு படித்தாலும் தெரியாத செய்தியை, ஆடும் மனிதனோடு ஏரிவீட்டில் ஒண்டியது என்ற செய்தியை, அதுவன்றோ சொல்கிறது!

நீர்மேல் ஏன் குடியேறினர்? பகைக்கு அஞ்சியா, பெருமைக்கா, விளைநிலத்தை வீணாக்காதிருக்கவா? அறிஞர்கள் வாதிடுகின்றனர். உழவர் கலப்பையைக் கண்ட நமக்கு மூன்றாவது காரணத்தின்மீதே நாட்டம்.

கிரானக்குகளிற் பெரும்பாலானவை இரும்புக் காலத்தவை அல்லது அதற்குப் பிற்பட்டவை என்றே நெடுநாள் நம்பினர். லூயிஸ் தீவின் ஏரிகளில், முன்னாள் கடற்படை முக்குளிப்பாளர் ஒருவர் கண்ட பானைகள் அந்நம்பிக்கையை அசைத்தன. அங்கே நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது: சில தீவுகள் கி.மு. 3640–3360 காலத்தவை! ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களுக்கும் மூத்தவை. ஏடு சொன்னது எனப் பிடிவாதம் பிடிக்காமல், சான்று வந்ததும் கணக்கைத் திருத்தினர்.

ஓக்பாங்கைப் பின்பற்றி 1990-களில் டே ஏரியில் புதிதாய் எழுப்பிய கிரானக், 2021 ஜூனில் சில நிமிடங்களில் எரிந்து வீழ்ந்தது. அருங்காட்சியகப் பொருள்கள் தப்பின. 2024-இல் வடகரையின் டாலர்ப் என்னுமிடத்தில் மீண்டும் கதவு திறந்தனர். நாம் சென்றது அங்கேதான்.