முன்னாடி ஒரு பல்லு கம்மி பண்ணிடு!

மெக்கானிக் கடை வாசலில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

‘அண்ணே, வண்டியில பிக்கப்பே இல்லண்ணே. சிக்னல்ல பச்சை விழுந்து எல்லாரும் போனப்புறம்தான் நம்ம வண்டி நகருது’ என்று அழாத குறையாகச் சொல்வார் ஒரு கல்லூரி மாணவர். மெக்கானிக் கையிலிருக்கும் கிரீஸைத் துணியில் துடைத்தபடி வண்டியை ஒரு பார்வை பார்ப்பார். ‘இன்ஜின்ல கை வைக்காத. முன்னாடி ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லு கம்மி பண்ணிடலாம். பிச்சிக்கிட்டுப் போகும் பாரு.’

ஒரே ஒரு பல். அதில் அப்படி என்ன இருக்கிறது?

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தீவில் இதே விஷயத்துக்காகப் பெரிய யுத்தமே நடந்தது. அதற்கு முன்னால் கொஞ்சம் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்துவிடலாம்.

1870களின் சைக்கிளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் தோசைக்கல் சைஸ். பெடல் நேராக முன்சக்கரத்திலேயே மாட்டியிருக்கும். கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. வேகம் வேண்டுமா? சக்கரத்தைப் பெரிசாக்கு. ஆனால், எவ்வளவு பெரிசாக்க முடியும்? கால் எட்ட வேண்டுமே! நெட்டையாகப் பிறந்தவனுக்குத்தான் வேகம் என்ற அநியாயம் அன்றைக்கு இருந்தது.

அதை ஒழித்தது செயின். 1880ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்ற ஸ்விஸ் நாட்டு இன்ஜினீயர், உருளை வைத்த செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1885ல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது. பெடலில் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்னது, நடுவில் செயின். சக்கரம் சின்னதாக இருந்தாலும் வேகம் கிடைத்தது.

இங்கே ஒரு வேடிக்கை. சைக்கிளில் முன்னால் பெரிசு, பின்னால் சிறிசு. பைக்கில் நேர் எதிர். ஏன்? மனிதக் கால் மெதுவாகச் சுற்றும், ஆனால் அழுத்தமாக மிதிக்கும். இன்ஜினோ நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், அழுத்தம் கம்மி. முதலாவதில் வேகத்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவதில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்ட வேண்டும். ஸ்ப்ராக்கெட் சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான்.

இப்போது தீவுக்குப் போகலாம்.

பிரிட்டனில் 1903ம் வருஷச் சட்டப்படி மணிக்கு 20 மைல்தான் உச்ச வேகம். அப்புறம் எங்கே ரேஸ் விடுவது? இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவுக்குத் தனிப் பார்லிமென்ட் உண்டு. ‘ரோட்டை மூடித் தருகிறோம், வாருங்கள்’ என்றார்கள். 1907 மே மாதம், பைக்குகளுக்கான முதல் டூரிஸ்ட் டிராஃபி ரேஸ் அங்கே நடந்தது.

அன்றைய பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கியர். அதுவும் செயின் கிடையாது, தோல் பெல்ட். மழை பெய்தால் வழுக்கும். மேடு வந்தால் இன்ஜின் மூச்சுத் திணறும். ஒரு சிலிண்டர் வண்டிகளில் ஜெயித்தவர், மேட்ச்லெஸ் வண்டி ஓட்டிய சார்லி கோலியர். சராசரி வேகம் மணிக்கு 38 மைல். உடனே கிளம்பியது புகார்: ‘அவர் வண்டியில பெடல் இருந்துது. மேட்டுல மிதிச்சுத்தான் ஏறினாரு!’ அடுத்த வருஷமே பெடலுக்குத் தடை.

ஒற்றை கியர்காரர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மேட்டுக்குத் தோதாக அமைத்தால் சமவெளியில் மற்றவர்கள் பறந்துவிடுவார்கள். சமவெளிக்கு அமைத்தால் மேட்டில் வண்டியைத் தள்ள வேண்டும். எது வேண்டும் என்று ரேஸுக்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். நம் மெக்கானிக் கடைக் கேள்வியும் இதேதான்!

1911ல் அமைப்பாளர்கள் ஒரு குண்டு போட்டார்கள். இனி ரேஸ் மலைப்பாதையில். ஒரு சுற்று 37½ மைல். கடலோர ராம்ஸி ஊரிலிருந்து ஸ்னேஃபெல் மலையின் தோளில் ஏறி, 422 மீட்டர் உயரத்தைத் தொட்டு இறங்க வேண்டும். மண் ரோடு. கியர் மாற்ற முடியாத வண்டிகளின் காலம் முடியட்டும் என்பதுதான் நோக்கம். பயிற்சியின்போதே விக்டர் சரிட்ஜ் என்ற இளைஞர் விழுந்து உயிரைவிட்டார். டூரிஸ்ட் டிராஃபியின் முதல் பலி அவர்தான்.

ஜூலை 3. ஐந்து சுற்று சீனியர் ரேஸ். வந்து நின்றன சில வண்டிகள், பெயர் ‘இண்டியன்’. (நம்ம ஊர் இல்லை. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊர்த் தயாரிப்பு!) ஆரம்பத்திலிருந்தே செயினை நம்பிய கம்பெனி அது. இந்த முறை செயினோடு இரண்டு கியரும் சேர்ந்திருந்தது. மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று. ‘இதுவா, அதுவா’ என்ற கேள்விக்கு, ‘ரெண்டும்’ என்று பதில்!

முடிவு? முதலிடம் ஆலிவர் காட்ஃப்ரே, சராசரி 47.63 மைல். இரண்டாமிடம் டப்ளின்காரர் சார்லஸ் ஃபிராங்க்ளின். மூன்றாமிடம் ஆர்தர் மூர்ஹவுஸ். மூன்றும் இண்டியன். இரண்டாவதாக வந்து சேர்ந்தவர் உண்மையில் கோலியர்தான். அனுமதியில்லாத இடத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டதால் அவரைக் கழித்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு மானப் பிரச்னை ஆகிப்போனது.

பதிலடியும் செயினில்தான் வந்தது. 1912ல் ஜெயித்தது யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஸ்காட் வண்டி. ஆல்ஃபிரட் ஸ்காட் செய்த வேலை அழகானது. இன்ஜினிலிருந்து இரண்டு செயின். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவு ஸ்ப்ராக்கெட். காலால் பெடலை முன்னே அழுத்தினால் ஒரு செயின் வேலை செய்யும், பின்னே அழுத்தினால் இன்னொன்று. ஓடும்போதே ஸ்ப்ராக்கெட் மாற்றுவது மாதிரி! பெல்ட்டும் லேசில் விடவில்லை. 1914ல் ரட்ஜ் வண்டி பெல்ட்டோடு ஜெயித்தது. அப்புறம் உலகப் போர். 1920ல் மறுபடி ரேஸ் தொடங்கியபோது சீனியரில் ஜெயித்த சன்பீம் வண்டியில் ஓடியது செயின்.

சரி, நம் மாணவரின் வண்டிக்கு வருவோம். உதாரணத்துக்கு, முன்னால் 14 பல், பின்னால் 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னது மூன்று சுற்று சுற்றினால் பின்னது ஒரு சுற்று. முன்னால் 13 ஆக்கினால் 3.23 சுற்று. இழுவை கிட்டத்தட்ட 8 சதவிகிதம் கூடும். பின்னால் மூன்று பல் கூட்டினாலும் ஏறக்குறைய இதே பலன். அதனால்தான் கடைக்காரர்கள் முன்னால் கை வைக்கிறார்கள். செலவும் கம்மி.

ஆனால், ஓசியில் எதுவும் கிடைக்காது. இன்ஜின் சக்தி ஒரு துளிகூடக் கூடவில்லை. முன்பு 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் எவ்வளவு சுற்றியதோ, அதே சுற்றுக்கு இனி 93தான். ஹைவேயில் இன்ஜின் கத்தும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். சின்னப் பல்சக்கரத்தில் செயின் இறுக்கமாக மடங்குவதால் சீக்கிரம் தேயும். பழைய செயினைப் புது ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் அதுவும் சேர்ந்து தேயும். பின்னால் பெரிசாக்கினால் செயின் நீளம் போதாமல் போகலாம். தொய்வு அளவு தப்பினால் பேரிங் காலி, இல்லாவிட்டால் செயின் நழுவும். ஓடும் வண்டியில் செயின் நழுவிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலையை ஜெயித்த காட்ஃப்ரே, ராணுவ விமானியாகி 1916ல் பிரான்ஸ் போர்முனையில் இறந்துபோனார். ஃபிராங்க்ளின் அமெரிக்காவுக்குப் போய் இண்டியன் கம்பெனியிலேயே சேர்ந்து, ‘ஸ்கவுட்’ வண்டியை வடிவமைத்தார். நியூசிலாந்தின் பர்ட் மன்றோ அப்படியொரு 1920 ஸ்கவுட்டை ஆயுள் முழுக்கச் சீவிச் சீவி, 1967ல் அமெரிக்காவின் உப்புப் பாலைவனத்தில் மணிக்கு 180 மைலைத் தாண்டி ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 68.

அங்கே மேடு இல்லை, சிக்னல் இல்லை. வேகம் மட்டும் போதும். நமக்கு அப்படியா? ஸ்பீட் பிரேக்கர், மாட்டு வண்டி, மேம்பாலம், ஹைவே என்று எல்லாமே ஒரே ரோட்டில் வரும். அதனால் அடுத்த முறை ‘ஒரு பல்லு கம்மி பண்ணிடலாமா?’ என்று மெக்கானிக் கேட்டால், உடனே தலையாட்டாதீர்கள்.

உங்கள் வண்டி தினம் ஓடப்போவது மலையிலா, சமவெளியிலா? அதை முதலில் முடிவு பண்ணுங்கள்.