செயற்கைத் தட்டுப்பாடு: பால்மரம் சொல்லும் பாடம்

புதிய வீடியோ கேம் கருவி ஒன்று கடைக்கு வரும்போதெல்லாம் இளைஞர்களிடையே ஒரே பேச்சுதான். "சரக்கு இருக்கிறது. விலை ஏறட்டும் என்று ஒளித்து வைக்கிறார்கள்!"

2000 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் அறிமுகமானது. முதல் நாளில் 10 லட்சம் கருவிகள் கிடைக்கும் என்று சொல்லியிருந்த சோனி நிறுவனம், உதிரிப்பாகம் போதவில்லை என்று கூறி அதை 5 லட்சமாகக் குறைத்தது. 2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது நீல லேசர் பாகத்துக்குப் பற்றாக்குறை என்றார்கள். 2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 5 மலேசியாவுக்கு வந்தபோதும் கேட்ட எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களில் சிலர் அதை இணையத்தில் கூடுதல் விலைக்கு விற்றார்கள். தட்டுப்பாடு உண்மையா, செய்யப்பட்டதா என்ற சந்தேகம் மீண்டும் கிளம்பியது.

ஒரு பொருளை வேண்டுமென்றே குறைத்து விலையை ஏற்ற முடியுமா? முடியும். சட்டம் போட்டே அதைச் செய்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் கலும்பாங், கெர்லிங், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் பால்வெட்டுத் தொழிலாளர்கள். அந்தப் பொருள் ரப்பர்.

சர்ச்சில் அமைத்த குழு

முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் ரப்பர் தேவைக்கு மேல் குவிந்தது. லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை ரப்பரின் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே போனது. தோட்டங்களில் முதலீடு செய்திருந்த பிரிட்டிஷ் கம்பெனிகள் அரசாங்கத்தின் கதவைத் தட்டின. அப்போது காலனி நாடுகளுக்கான அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1921இல் சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் அவர் ஒரு குழுவை அமைத்தார். அந்தக் குழுவின் திட்டம் 1922 நவம்பர் 1ஆம் தேதி மலாயாவிலும் இலங்கையிலும் அமலுக்கு வந்தது.

கணக்கு எளிமையானது. 1919 நவம்பர் முதல் 1920 அக்டோபர் வரை ஒரு தோட்டம் எவ்வளவு ரப்பர் எடுத்ததோ, அதுவே அதன் அடிப்படை அளவு. அதில் 60 விழுக்காட்டை மட்டும் தொடக்கத்தில் குறைந்த வரியில் ஏற்றுமதி செய்யலாம். மீறினால் வரி ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லண்டன் விலையைப் பார்ப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ் கிடைத்தால் அளவைக் கொஞ்சம் தளர்த்துவார்கள்.

மரத்தில் பால் இருந்தது. வெட்டுவதற்கு ஆளும் இருந்தார்கள். வழியை மட்டும் சட்டம் அடைத்தது. செயற்கைத் தட்டுப்பாடு என்றால் இதுதான்!

அமெரிக்காவின் கோபம்

அந்தக் காலத்தில் உலகில் அதிகமாக ரப்பர் வாங்கிய நாடு அமெரிக்கா. கார்கள் பெருகப் பெருக டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1925இல் விலை பவுண்டுக்கு 4 ஷில்லிங்கையும் தாண்டியது. அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் பிரிட்டனை வெளிப்படையாகக் கண்டித்தார். டயர் அதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோன் 1926இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 10 லட்சம் ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். கார் அதிபர் ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டில் சொந்தத் தோட்டம் போடப் புறப்பட்டார்.

திட்டத்தை உடைத்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். டச்சு ஆட்சியிலிருந்த சுமத்ராவும் போர்னியோவும் இந்தக் கட்டுப்பாட்டில் சேரவில்லை. அங்குள்ள சிறு விவசாயிகள் நல்ல விலையைப் பார்த்துப் புதிய கன்றுகளை நட்டார்கள். மலாயா அடக்கி வைத்த இடத்தை அவர்கள் நிரப்பினார்கள். 1928 நவம்பரில் பிரிட்டன் தன் திட்டத்தைக் கைவிட்டது.

ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். 1925இன் உயர்ந்த விலையை நம்பி நட்ட மரங்கள், உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த 1931, 1932ஆம் ஆண்டுகளில் பால் கொடுக்கத் தொடங்கின. வாங்க ஆளில்லாத நேரத்தில் சரக்கு வந்து குவிந்தது. 1932இல் ஒரு பவுண்டு ரப்பர் 2 பென்ஸுக்கும் கீழே விழுந்தது.

லயத்து வீட்டின் கணக்கு

விலை ஏறியபோது லாபப் பங்கு லண்டனுக்குப் போனது. விழுந்தபோது சுமை லயத்து வீட்டுக்கு வந்தது.

இருபதுகளின் இறுதியில் மலாயாவின் முக்கிய தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. பிறகு இன்னும் இறங்கியது. வேலை இல்லாமல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறித் தமிழகத்துக்கே திரும்பினார்கள். ரப்பரைக் குறைப்பதா, கூட்டுவதா என்று முடிவு செய்த எந்த மேசையிலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

1934 மே 7ஆம் தேதி இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த முறை டச்சுக்காரர்களும் சேர்ந்தார்கள். புதிதாக ரப்பர் நடுவதும் ஏறக்குறைய முழுமையாகத் தடை செய்யப்பட்டது. சிறு தோட்டக்காரர்களுக்குக் கூப்பன் கொடுக்கப்பட்டது. கூப்பன் அளவுக்குத்தான் விற்கலாம். நாளடைவில் கூப்பனே ஒரு சரக்காகி, வியாபாரிகள் கையில் விலைக்கு மாறியது. மரத்தைத் தொடாதவரும் காகிதத்தை வைத்துக் காசு பார்த்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. சாப்பாட்டுச் செலவும் ஏறியது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணை நின்ற ஆர்.எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

மூன்று கேள்விகள்

இந்த வரலாற்றைத் தெரிந்தவர்கள், எந்தத் தட்டுப்பாட்டைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். வழியை அடைத்தது யார்? சரக்கு யாரிடம் இருக்கிறது? கூடுதல் விலை யார் பைக்குப் போகிறது?

ரப்பருக்கு மூன்றுக்கும் பதில் தெளிவு. அடைத்தது அரசாங்கம், சரக்கு மரத்திலேயே இருந்தது, லாபம் கம்பெனிக்குப் போனது.

விளையாட்டுக் கருவிகளில் பதில் ஒரே மாதிரி இல்லை. நிண்டெண்டோ நிறுவனம் 1980களின் இறுதியில் அமெரிக்கக் கடைகள் கேட்டதைவிடக் குறைவான கேம் கேசட்டுகளையே அனுப்பியது. 1983இல் சரக்கு மிதமிஞ்சிக் குவிந்து அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்ததை அது மறக்கவில்லை. 1988இல் சிப் பற்றாக்குறையும் உண்மையிலேயே இருந்தது. உண்மையும் உத்தியும் கலந்த தட்டுப்பாடு அது. அந்த ஆண்டு டிசம்பரில் அட்டாரி கேம்ஸ் நிறுவனம் நிண்டெண்டோவின் ஆதிக்கத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றது.

பிளேஸ்டேஷன் 5 கதை வேறு. தொடக்கத்தில் அந்தக் கருவியைத் தயாரிப்புச் செலவுக்கும் குறைவாகவே விற்றதாக சோனி கூறியது. அதற்கு வருமானம் கேம்களில்தான். கருவி வீட்டுக்குப் போகாவிட்டால் கேம் விற்காது. 2021 மார்ச் இறுதிக்குள் 78 லட்சம் கருவிகள் விற்பனையாயின. முந்தைய பிளேஸ்டேஷன் 4இன் அதே கட்டத்து விற்பனையைவிட அது சற்று அதிகம். கூடுதல் விலையில் கைமாறிய பணம் சோனிக்குப் போகவில்லை. வாங்கி மறுபடி விற்றவருக்குப் போனது. அன்றைய கூப்பன் வியாபாரியின் வேலையை இவர்கள் செய்தார்கள்.

தோட்டத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு விலை மாறட்டும் என்று காத்திருக்கும் வசதி இருந்ததில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போனால்தான் அன்றைய அரிசி. விளையாட்டுக் கருவி வாங்குபவருக்கு அந்த நெருக்கடி கிடையாது. பொறுத்திருந்தால் கடை விலைக்கே கிடைத்துவிடும். அதுவரை இடைத்தரகருக்கு இரட்டை விலை கொடுக்காமல் இருப்பது வாங்குபவர் கையில்தான் இருக்கிறது.